அத்தியாயம் 5: வகுப்பு முடிந்தபின் தொடங்கும் ஆங்கிலம்

ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் சற்றுக் குறைவு. ஆகவே பட்டப்படிப்பைத் தொடங்குமுன் சில மாதங்கள் ஆயத்த ஆங்கில வகுப்பில் படித்துத் தேற வேண்டும். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்லும் மாணவர் பலருக்கு இந்த நிபந்தனை மனத்துக்குக் கஷ்டமாகவே இருக்கும். பள்ளிக்காலம் முழுக்க ஆங்கிலம் படித்தவரை மறுபடியும் ஆங்கில வகுப்பில் உட்காரச் சொன்னால் வேறெப்படி இருக்கும்? அந்த மனக்கஷ்டத்திலேயே சிலர் வகுப்பை வேண்டாவெறுப்பாகக் கடக்கிறார்கள். சிலர் இன்னொரு முறை இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டுகிறார்கள். இரண்டுமே பயன் தராது. ஆங்கிலத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது ஏராளம். குறைவாக இருப்பது ஆங்கிலத்தில் நீங்களே பேசிய நேரமும் எழுதித் திருத்திய பக்கங்களும். இந்த வகுப்பில் தேறுபவரையும் தேங்குபவரையும் பிரிப்பது அந்த நேரம்தான். அதை வகுப்பறை போதுமான அளவு தராது, ஜொகூரும் தானாகத் தராது. நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

சுவருக்குள் ஆங்கிலம், சுவருக்கு வெளியே மலாய்

முதலில் போய்ச் சேரும் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மலேசியாவில் 1967-ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்துக்குப் பின், 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. உயர்கல்வியில் ஆங்கிலத்துக்குக் கதவை அகலத் திறந்தது 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கிளை வளாகம் அமைக்க வழிவிட்டதும் அந்தச் சட்டம்தான். அதன் பலனை இன்று ஜொகூரின் இஸ்கந்தார் புத்ரியில் காணலாம். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, சவுத்தாம்ப்டன், ரெடிங் பல்கலைக்கழகங்களின் மலேசிய வளாகங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பத்து பகாட் அருகே பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம். இந்த வளாகங்களுக்குள் வெளிநாட்டு மாணவருக்குப் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வாயிலைத் தாண்டினால் பேருந்துப் பலகை, அரசு அலுவலகப் படிவம், சந்தைப் பேச்சு எல்லாம் பெரும்பாலும் மலாய். லண்டனிலோ மெல்பர்னிலோ ரொட்டி வாங்கப் போனாலும் ஆங்கிலம் பேசியாக வேண்டும். ஜொகூரில் அந்தக் கட்டாயம் இல்லை.

தமிழ் மாணவருக்கு இன்னொன்றும் உண்டு. ஜொகூரில் மட்டும் சுமார் 70 தமிழ்ப் பள்ளிகள் இயங்குகின்றன. ஜொகூர் பாருவின் நடுவே ராஜமாரியம்மன் கோயில் இருக்கிறது. வளாகத்தைச் சுற்றியுள்ள மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடைகளில் ரொட்டி சனாயும் தே தாரிக்கும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அறைத் தோழர் தமிழர், சீனியர்கள் தமிழர், வாரக்கடைசியில் திரைப்படமும் தமிழ் என்றால், வகுப்பு நேரம் போக ஒரு வாரம் முழுவதும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் கழிந்துவிடும். ஊரை விட்டு வந்தவருக்கு இது பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எவ்வளவு என்று முதல் வாரத்திலேயே கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

மணிக்கணக்கு

ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட சிஇஎஃப்ஆர் என்ற அளவுகோல் மொழித்திறனை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. ஐஇஎல்டிஎஸ் என்ற பன்னாட்டு ஆங்கிலத் தேர்வில் 4 முதல் 5 வரை பெற்றவர் பி1 படியில் இருக்கிறார். 5.5 முதல் 6.5 வரை பெற்றவர் பி2. ஆயத்த வகுப்புக்கு வரும் பலர் கடக்க வேண்டியது இந்த ஒரு படியைத்தான். ஆங்கிலத்தை அடியிலிருந்து தொடங்குபவருக்கு பி1 வரை 350 முதல் 400 மணி நேரமும், பி2 வரை 500 முதல் 600 மணி நேரமும் ஆசிரியர் துணையுடன் படிக்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனம் தரும் பொதுவான மதிப்பீடு. ஆக, இடைவெளி ஏறத்தாழ 200 மணி. வாரம் 20 மணி வீதம் 14 வாரம் நடக்கும் வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 280 மணி வருகிறது. 200 போதும் என்னும்போது 280 கிடைக்கிறதே, பிறகு ஏன் சிலர் தேங்கிப் போகிறார்கள்?

வகுப்பில் உட்கார்ந்த மணிகளையும் ஆங்கிலத்தைக் கையாண்ட மணிகளையும் ஒன்றாக எண்ணுவதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. 20 பேர் உள்ள வகுப்பில் ஒரு மணி நேரப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் ஆசிரியர் பேசுகிறார், மீதி 30 நிமிடம் மாணவருக்கு. அதை 20 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஒன்றரை நிமிடம். 20 மணி நேரம் பாடம் நடந்தால் வாரத்துக்கு அரை மணி. 14 வாரம் முடிந்ததும் நீங்கள் வாய்திறந்து பேசியது 7 மணி. ஆசிரியர் இருவர் இருவராகப் பேச வைத்தால் இந்தக் கணக்கு உயரும், உண்மைதான். பக்கத்தில் இருப்பவர் தமிழராக இருந்தால் இரண்டாம் நிமிடமே பேச்சு தமிழுக்குத் திரும்பிவிடும் என்பதும் உண்மைதான்.

கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு தானாக வந்துவிடாதா என்று கேட்கலாம். இதற்குக் கனடாவில் பதில் கிடைத்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் முறை அங்கே 1965-இல் கியூபெக்கில் தொடங்கியது. பல ஆண்டுகள் அப்படிப் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985-இல் எழுதியது கவனிக்க வேண்டியது. கேட்டுப் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் பின்தங்கியே இருந்தது. கேட்பவர் பொருளை ஊகித்துக்கொண்டால் போதும், பேசுபவரோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வினையின் காலம், எண், சொல்வரிசை என எல்லாவற்றையும் தானே முடிவு செய்தாக வேண்டும் என்று ஸ்வெயின் இதை விளக்கினார். ஆங்கிலப் பாடப்புத்தகம் படித்துப் புரிந்துகொள்ளத் தடையில்லாத தமிழ் மாணவர், அதே பாடத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் திணறுவதற்குக் காரணம் இதுவே. அவருக்குக் கிடைத்த ஆங்கிலமெல்லாம் உள்ளே வந்தது. அவரிடமிருந்து வெளியே போனது மிகக் குறைவு.

தேர்வுகளும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வில் முன்பு மொத்தம் 300 மதிப்பெண். அதில் வாசிப்புக்கு மட்டும் 120, பேச்சுக்கு 45. 2021-இல் சிஇஎஃப்ஆர் அளவுகோலுக்கு ஏற்ப மாற்றி அமைத்தபோது நான்கு பிரிவுகளுக்கும் 90 வீதம் 360 என்று சமமாக்கினார்கள். பேச்சின் பங்கு 15 விழுக்காட்டிலிருந்து 25 ஆனது, வாசிப்பு 40-இலிருந்து 25-க்கு இறங்கியது. வாசிப்பில் வாங்கி மற்றதில் விட்டதை ஈடுகட்டும் பழைய வழி இப்போது பாதி அடைபட்டிருக்கிறது. ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கு பிரிவுகளின் சராசரிதான் மொத்த மதிப்பெண் என்றாலும், பல பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் குறைந்தபட்சம் கேட்கின்றன. கேட்டலிலும் வாசிப்பிலும் 6.5, எழுத்திலும் பேச்சிலும் 5 என்றால் மொத்தம் 6 என்றே சான்றிதழில் வரும். இருந்தும் எழுத்தில் 5.5 கேட்கும் துறையில் இடம் கிடைக்காது.

யாரோடு தங்குகிறீர்கள்

ஆகவே பேசும் நேரத்தைப் பெருக்குவதே முதல் வேலை. அதற்கு மிக மலிவான வழி அறைத் தோழரைத் தேர்ந்தெடுப்பது. விடுதிப் படிவம் நிரப்பும்போதே தமிழ் தெரியாத ஒருவருடன் இடம் கேளுங்கள். ஜொகூர் வளாகங்களில் இந்தோனேசியா, வங்கதேசம், பாகிஸ்தான், சீனா, ஏமன், நைஜீரியா எனப் பல நாட்டு மாணவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரே மொழி ஆங்கிலம். மின்விசிறி ஓடவில்லை, துணி காயவில்லை, இன்று சமைப்பது யார் என்று எதைச் சொன்னாலும் ஆங்கிலத்தில்தான். நாளுக்கு முக்கால் மணி நேரம் அப்படிப் பேச நேர்ந்தால் 14 வாரத்தில் 70 மணி நேரத்தைத் தாண்டும். வகுப்பு தரும் 7 மணியைப் போலப் பத்து மடங்கு.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். அவருக்கும் ஆங்கிலம் தகராறு, எனக்கும் தகராறு. ஒருவர் பிழை இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளாதா? பயம் நியாயமானது, ஆனால் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வரோனிஸ், காஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத இருவர் பேசிக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். தாய்மொழி வேறு வேறாக இருந்த இணைகளில்தான் ‘என்ன சொன்னாய்’, ‘இதைத்தானே சொல்கிறாய்’ என்று நிறுத்திக் கேட்டுப் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது அதிகம் நடந்தது. சொன்னது புரியவில்லை என்று எதிரே இருப்பவர் முகம் சுருக்கும்போதுதான் அதே கருத்தை வேறு வாக்கியத்தில் சொல்லப் பழகுகிறோம். தமிழ் நண்பரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாலும் அவர் தமிழாக்கிப் புரிந்துகொண்டுவிடுவார். அங்கே அந்தப் பயிற்சி கிடைப்பதில்லை. பிழைகள் ஒட்டுவதைப் பொறுத்தவரை, அவற்றைக் களைய எழுத்து இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மலேசியர்கள் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டால் உச்சரிப்பு கெட்டுவிடும் என்று ஊரிலிருந்து எச்சரிப்பவர்களும் உண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘லா’ சேர்க்கும் கடைத்தெரு ஆங்கிலத்தைக் கட்டுரையில் எழுதக் கூடாது, அவ்வளவுதான். மலேசிய மாணவர்களே கடையில் ஒரு விதமாகவும் விரிவுரையில் ஒரு விதமாகவும் பேசுகிறார்கள். அந்த இடமறிந்த பேச்சையும் அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். மன்ரோ, டெர்விங் என்ற ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடைய பேச்சில் அயல் சாயல் தூக்கலாக இருந்தாலும் அது முழுமையாகப் புரியக்கூடும் என்று காட்டினார்கள். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்விலும் கேட்பவருக்கு எளிதில் விளங்குகிறதா என்பதே முக்கியம், பிரிட்டிஷ் சாயலுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. பலவிதமான சாயல்களைக் கேட்டுப் பழகிய காது விரிவுரை அரங்கில் மிகவும் உதவும், ஏனென்றால் அங்கே உங்களுக்குப் பாடம் எடுப்பவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். செம்மையான ஆங்கிலமும் காதில் விழ வேண்டும் என்றால் ஜொகூர் பாருவில் அதற்கும் வசதி உண்டு: ஜொகூர் ஜலசந்திக்கு அப்பால் சிங்கப்பூரின் ஆங்கில வானொலிகள் இங்கே தெளிவாகக் கேட்கின்றன.

அப்படியானால் தமிழ் நண்பர்களைக் கைவிட வேண்டுமா? கூடவே கூடாது. காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருபவரும், மாணவர் அனுமதியைப் புதுப்பிக்க எந்த அலுவலகம் போவது என்று சொல்பவரும் அவர்கள்தான். தனிமையில் வாடும் மாணவர் எந்த மொழியையும் ஒழுங்காகக் கற்க மாட்டார். நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடும் வாரக்கடைசியும் தமிழுக்கு. வகுப்புக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம் ஆங்கிலத்துக்கு. ஆயத்த வகுப்பில் நான்கு தமிழர்கள் இருந்தால் அவர்களே ஒரு பயிற்சிக் குழுவாகவும் ஆகலாம். மூவெட் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதி குழுவாக விவாதிப்பது. ஒரு தலைப்பை எடுத்து, சில நிமிடம் யோசித்து, பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள். ஒரு விதி: யார் பேசினாலும் தமக்கு முன் பேசியவர் சொன்னதைத் தம் சொற்களில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத்தான் தம் கருத்தைத் தொடங்க வேண்டும். மனப்பாடம் செய்து வந்தவருக்கு இந்த விதி மிகக் கடினம், ஏனென்றால் அடுத்தவர் என்ன சொல்வார் என்பதை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. பிறர் சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்கிறீர்களா என்பதைத்தான் தேர்வாளரும் பார்க்கிறார்.

திருப்பித் தரப்பட்ட கட்டுரை

எழுத்துக்கு வருவோம். வாரம் ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள், ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தித் தருகிறார். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். அந்தத் தாளை ஒருமுறை விரித்து வைத்து எண்ணிப் பாருங்கள். 250 சொல் கட்டுரையில் 14 இடங்களில் மை பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு இடங்களில் ‘எ’, ‘தி’ விடுபட்டிருக்கும் அல்லது தவறாக வந்திருக்கும். நான்கு இடங்களில் வினையின் காலம் பிசகியிருக்கும். தமிழில் ‘போன வருஷம் முடித்திருக்கிறேன்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட் லாஸ்ட் இயர்’ என்று எழுதியிருப்பீர்கள். ‘லாஸ்ட் இயர்’ என்று காலத்தைக் குறித்துவிட்டால் ‘ஐ ஃபினிஷ்ட்’ என்றே வர வேண்டும். மூன்று இடங்களில் ‘டிஸ்கஸ் அபௌட்’ போல வேண்டாத முன்னிடைச்சொல். ஒன்று எழுத்துப்பிழை. இப்போது பாருங்கள்: 14 பிழைகளில் 13, மூன்றே வகைக்குள் அடங்கிவிட்டன. இலக்கணப் புத்தகம் முழுவதையும் புரட்டும் வேலை மிச்சம். மூன்று பாடங்களைத் தேடிப் படித்தால் போதும்.

திருத்தம் பயன் தருமா என்பதே மொழியியலாளரிடையே பெரிய வழக்காக இருந்தது. ஜான் டிரஸ்காட் 1996-இல், மாணவர் கட்டுரைகளில் இலக்கணப் பிழை திருத்துவது வீண் வேலை, கைவிட வேண்டும் என்றே எழுதினார். எல்லாப் பிழையையும் ஒரே நேரத்தில் சுட்டினால் எதுவும் மனத்தில் தங்குவதில்லை என்ற அளவில் அவர் சொன்னதை எந்த மாணவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஜான் பிட்சனர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ‘எ’, ‘தி’ ஆகிய இரண்டின் பயன்பாட்டை மட்டும் குறிவைத்துத் திருத்தியபோது மாணவர்கள் முன்னேறியதையும், அந்த முன்னேற்றம் இரண்டு மாதம் கழித்தும் நிலைத்ததையும் காட்டியது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தெளிவு. ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை. ஒரு நோட்டில் நீங்கள் எழுதியது, சரியான வடிவம், ஏன் என்பதற்கு ஒரு வரி என மூன்று பத்திகளாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கட்டுரையைத் திருத்தி முழுவதுமாக மறுபடி எழுதுங்கள். அடுத்த கட்டுரையை ஒப்படைக்குமுன் அந்த ஒரு வகைப் பிழைக்காக மட்டும் ஒருமுறை வாசியுங்கள். எட்டு வாரத்தில் எட்டு வகைப் பிழைகளைக் கவனித்து முடித்திருப்பீர்கள்.

இப்போது கணினியே கட்டுரை எழுதித் தருகிறதே என்பார்கள். அது எழுதினால், எழுதிய மணிகள் அதன் கணக்கில் சேரும், உங்கள் கணக்கில் ஒன்றும் சேராது. ஐஇஎல்டிஎஸ் தேர்வறையில் 60 நிமிடத்தில் இரண்டு எழுத்துப் பணிகளை நீங்களேதான் எழுதி முடிக்க வேண்டும். முதல் வரைவை நீங்கள் எழுதி முடித்தபின், எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் அந்தக் கருவிகளைப் பயன்படுத்துங்கள்.

சொல்வளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகராதியை முதலிலிருந்து மனனம் செய்ய யாருக்கும் நேரமில்லை. வெலிங்டனில் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. எந்தத் துறையின் பல்கலைக்கழக நூலை எடுத்தாலும் அதில் வரும் சொற்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. ‘அனலைஸ்’, ‘எவிடென்ஸ்’, ‘சிக்னிஃபிகன்ட்’ போன்றவை அதன் முதல் வரிசையில் வரும் சொற்கள். நாளுக்கு ஆறு சொல் எடுத்தால் 14 வாரத்துக்குள் பட்டியல் முடிந்துவிடும். ஆறையும் நோட்டில் எழுதி வைத்தால் போதாது. அன்றைய பேச்சிலோ கட்டுரையிலோ இரண்டையாவது பயன்படுத்த வேண்டும்.

குறுக்குவழி பற்றி

எல்லாவற்றையும் விட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. எனக்கு வேண்டியது மதிப்பெண் மட்டும். ஆறு வாரத் தேர்வுப் பயிற்சியில் மாதிரி விடைகளை மனப்பாடம் செய்து தேறிவிடலாமே, இத்தனை பாடு எதற்கு? தேர்வின் அமைப்பை அறிந்துகொள்வதும் நேரம் வைத்து எழுதிப் பழகுவதும் அவசியம்தான். அதற்குக் கடைசி மூன்று வாரங்களை ஒதுக்குங்கள். ஆனால் மனப்பாட விடைகளைத் தேர்வாளர்கள் எளிதில் அடையாளம் காண்கிறார்கள், அவற்றுக்கு மதிப்பெண் குறைகிறது. ஒருவேளை அப்படியே தேறிவிட்டாலும், அடுத்த மாதமே முதல் பருவம் தொடங்கும். மூன்று கட்டுரைகளைப் படித்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று 1,500 சொல்லில் எழுதித் தரச் சொல்வார்கள். வகுப்புக்கு முன் நின்று விளக்கச் சொல்வார்கள். அங்கே மாதிரி விடை கிடையாது. ஐஇஎல்டிஎஸ் சான்றிதழுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு, பட்டப்படிப்போ மூன்று, நான்கு ஆண்டு.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் அடித்தளம் வகுப்புக்கு ஒழுங்காகப் போவது. மாணவர் அனுமதியைப் புதுப்பிக்க 80 விழுக்காடு வருகை காட்ட வேண்டும். அதில் கோட்டைவிட்டால் ஆங்கிலம் எவ்வளவு வந்திருந்தாலும் பயனில்லை. வகுப்பிலும் முதல் இரண்டு வரிசையில் உட்காருங்கள், பாடத்துக்கு ஒரு கேள்வியாவது கேளுங்கள். இலக்கணம் முழுதும் சரியானபிறகு பேசலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அந்த நாள் வருவதே இல்லை, ஏனென்றால் பேச்சு சரியாவது பேசுவதால்தான். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. ஆயத்த வகுப்பில் இருப்பவர் எல்லோரும் அதே மதிப்பெண் குறைவால் வந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிழையாகப் பேச இதைவிடப் பாதுகாப்பான இடம் பட்டப்படிப்பில் கிடைக்காது.

வார இறுதியில் இரண்டு எண்களைக் குறித்து வையுங்கள்: இந்த வாரம் வகுப்புக்கு வெளியே எத்தனை நிமிடம் ஆங்கிலத்தில் பேசினீர்கள், எத்தனை பக்கம் திருத்தி மறுபடி எழுதினீர்கள். முதல் வாரம் 300 நிமிடமும் இரண்டு பக்கமும் போதும். நான்காம் வாரத்திலும் எண்கள் அதே இடத்தில் நின்றால் ஆசிரியரையோ உங்கள் திறமையையோ சந்தேகிக்குமுன், யாரோடு தங்குகிறீர்கள், மாலை நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். மாற்ற வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.